நாலில் ஒரு பங்கு கழுகு

மர்பி டவுன்,
பெங்களூர் – 8,
23 ஆகஸ்ட் 2004, திங்கள்.

அன்புள்ள கிரேஸ்,

ஆண்டவர் தயவில் இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், கேட்டால் அவரே அப்படித்தான் சொல்கிறார், சொல்லிவிட்டுச் சுவரில் உள்ள காலண்டரைப் பார்க்கிறார். டேராடூனில் நீயும், நீ குறை சொல்லிக்கொண்டே சாப்பிடும் ஹாஸ்டல் ராஜ்மாவும், உன் பிணந்தின்னிக் கழுகுகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன். கழுகுகளைச் சேர்ப்பதற்கு முன் பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். நோயுற்றோருக்காக என்ற தலைப்பில் அடங்கும், தாராளமாகச் சேருங்கள் என்றார். என் முழங்கால் வலியும் அதே தலைப்பில்தான் இருக்கிறது, இரண்டில் எது முதலில் குணமாகிறது என்று பார்ப்போம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் கீழ்வீட்டில் இருக்கிறது, கீழ்வீட்டில் டோரீன் இருக்கிறாள். வீட்டுக்காரி என்ற முறையில் போன் அவளுடையது, ஆகவே அதில் பேசப்படுவதும் அவளுடையது என்பது அவள் கொள்கை. காது மந்தம் என்று சொல்லி ஸ்பீக்கரை அணைப்பதே இல்லை, அந்த மந்தம் தண்ணீர் மோட்டாரைப் பற்றி நாம் புகார் சொல்லும்போதுதான் உண்மையாக வருகிறது. போன வாரம் நீ பேசியபோது அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், நீ பேசி முடிக்கும்வரை ஒரு பட்டாணிகூடத் தோலை விட்டு வெளியே வரவில்லை. உன் அப்பா மாடிப்படியில் நின்றிருந்தார், அது உனக்குத் தெரியாது. நீ சொன்னதில் இரண்டு விஷயம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அப்பா அனுப்பிய பொட்டலம் சுத்தமாக வீணாய்ப் போச்சும்மா என்றாய். அக்டோபரில் இங்கிருந்து டிரெயினிங் எடுத்த ஸ்டூடன்ட் ஒருத்தர் வருவார், அப்பா இனிமேல் சிரமப்பட வேண்டாம் என்றாய். முதலாவதை அவர் தாங்கிக்கொண்டார், கோலார் தங்கவயலில் முப்பத்தொரு வருஷம் சாம்பிள் எடுத்தவருக்கு வீணாய்ப் போன சாம்பிள் புதிதல்ல. இரண்டாவதைக் கேட்டுவிட்டு மேலே வந்து, எட்டு வாரமாகச் சேறு அப்பிக் கிடந்த கான்வாஸ் ஷூவைக் கழுவிக் காயவைத்து, பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சுரங்கத்தை மூடிய அன்றைக்கு பூட்ஸை அப்படித்தான் சுற்றி வைத்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், நீ போனில் பாதிதான் கேட்டாய், மீதிப் பாதி அழுதாய். நீ மே மாதம் எழுதியதை நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதுபோல் எனக்கே எடுத்துக்கொண்டேன். நாட்டில் இந்தக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன, மாட்டுக்கு ஊசி போட்ட வலிமருந்து, மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. மிச்சம் இருப்பவற்றில் சிலதைக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்ய வேண்டும், அதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஜோடி சேர்த்துவிடக் கூடாது. பார்வைக்கு எல்லாமே ஒரே மூஞ்சி. ஆனால் உதிர்ந்த இறகின் அடிக்குருத்தில் ஒட்டியிருக்கும் துளி சதையிலிருந்து மரபணுவைப் பிரித்து, அதில் அடையாளமான சில இடங்களை மட்டும் பார்த்தால் யார் யார், யாருக்கு யார் உறவு என்று தெரிந்துவிடும். பறவையைத் தொடவே வேண்டாம். நம் சொந்தக்காரர்கள் ஒரு வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துக் கண்டுபிடிப்பதை நீங்கள் ஓர் இறகில் கண்டுபிடிக்கிறீர்கள், முன்னேற்றம்தான். மாகடிக்கு அப்பால் உள்ள அந்தப் பாறைக் கழுகுகளின் இறகு இல்லாவிட்டால் உன் ஆராய்ச்சியில் தெற்குப் பக்கம் காலியாகக் கிடக்கும், எனக்கு இப்போது லீவு கிடைக்காது, அப்பா சும்மாதானே இருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். சும்மா என்ற அந்த வார்த்தையை நான் படித்துக்காட்டும்போது விட்டுவிட்டேன்.

அவர் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. இங்கே குடிவந்ததிலிருந்து ரேஷன் அரிசி மூட்டையில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைவிட்டுக் கல் எண்ணி, அல்சூர் ரேஷன் கடைக்காரனைக் கண்கலங்க வைத்துக்கொண்டிருந்தார். உன் கடிதம் வந்ததும் கடைக்காரன் பிழைத்தான். வனத்துறை அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜூன் முதல் எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசையைக் கடவுளுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு, மார்க்கெட்டிலிருந்து முதல் பஸ். பாறையில் காவலர் கோவிந்தப்பா இருக்கிறார் அல்லவா, அவர் முதல் நாளே, ஏன் சார், கே.ஜி.எஃப்.காரரு நீங்க, சின்னத்தை விட்டுட்டு ரணஹத்து ரெக்கை பொறுக்க வந்துட்டீங்களா என்று கேட்டாராம். அவருக்குச் சின்னம் என்றால் தங்கம், ரணஹத்து என்றால் உன் கழுகு. உன் அப்பா, தங்கம் தீர்ந்துபோச்சு, இது தீர்றதுக்குள்ள வந்துட்டேன் என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, கோவிந்தப்பா நேற்றுச் சொன்னார். கழுகு உட்காரும் பாறைத்திட்டு ஆறு, ஆறு துணிப்பை, ஒவ்வொரு பையிலும் திட்டின் எண்ணும் தேதியும், மொத்தம் நாற்பத்து மூன்று இறகு. இதுவரை நீ கேட்டபடியே எல்லாம் சரி.

அதற்குப் பிறகுதான் உன் அப்பா தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். சுரங்கத்தில் அவர் இருந்தது அசே ஆபீஸ், வெட்டிய கல்லில் டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று பார்க்கும் இடம் என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ அங்கே அவர் வேலை செய்து பார்த்ததில்லை. பத்துச் சுரங்கமுகத்திலிருந்து பத்து மூட்டை கல் வரும். இடித்துப் பொடியாக்கி, ஒன்றாகக் கொட்டி, கலந்து, கூம்பாகக் குவித்து, தலையில் தட்டி, நாலாக வகுத்து, எதிரெதிரே உள்ள இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து, மறுபடி குவித்து, கைப்பிடி அளவு வரும்வரை செய்ய வேண்டும். அந்தக் கைப்பிடிதான் நேர்மையான சாம்பிள். தனித்தனியாகக் கல்லைப் பொறுக்கி எடுத்து ஆபீசுக்கு அனுப்புகிறவன் ஒன்று திருடன், அல்லது மேனேஜருக்கு மச்சான். அந்த நேர்மையோடு ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜை ரெக்சினைக் கூடத்தில் விரித்தார், என் தையல் கத்தரிக்கோலை எடுத்தார், நாற்பத்து மூன்று இறகையும் அரை அங்குலமாக நறுக்கினார், குவித்தார், தட்டினார், உன் பழைய ஸ்கேலை வைத்து நாலாக வகுத்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், காற்றில் பறந்தால் விகிதம் கெட்டுவிடுமாம். நான் தும்மக் கூடாது என்பதற்காக அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் ஐம்பது கிராம் பிஸ்கட் பாக்கெட் அளவுக்கு ஒரு பொட்டலம் வந்தது, ஆறு திட்டுக்கும் இதில் பங்கு இருக்கு, ஒரு திட்டுகூட ஏமாறல, இன்னா சொல்றே மேரி என்று கேட்டார். நான் இன்னா சொல்வேன், எவ்வளவு நேர்த்தியான மனிதர் என்று பெருமையாக இருந்தது. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம்.

நீ எழுதிய கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாத் திட்டுக்குக் கீழேயும் எடுங்க, ஒண்ணையும் விடாதீங்க என்று இருக்கிறது. கலக்காதீங்க என்று இல்லை. இருக்காது, உங்கள் லேபில் அதை யாருக்கும் சொல்லவேண்டிய தேவை வந்திருக்காது, விருந்துக்கு வந்தவரிடம் இலையைச் சாப்பிடாதீர்கள் என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் முப்பத்தொரு வருஷம் எவ்வளவு, எவ்வளவு என்று மட்டுமே கேட்கப்பட்ட ஆளிடம் நீ போய், யார் யார் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை மகளே. சுரங்கம் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழப்பு என்று பேப்பரில் போட்டார்கள், அதில் உன் அப்பா எத்தனையாவது ஆள் என்று போடவில்லை. அவரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, நல்ல சராசரி என்றுதான் நினைத்திருப்பார்.

சரி, நீ போனில் பேசிவிட்டு வைத்த பிறகு நடந்தது. மூன்று நாள் பேச்சில்லை. குழம்பில் உப்புப் போட மறந்தேன், அதற்கும் பேச்சில்லை, அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நாலாம் நாள் டோரீன் மேலே வந்து, என்னா மேன் தாஸ், ஒரு பறவைக்குப் பதினோரு அப்பனா, எங்க வீட்டு டென்சில் கல்யாணத்துலதான் மேன் பொண்ணுக்கு அப்பான்னு பதினோரு பேரு மைக் புடிச்சாங்க என்று ஆறுதல் சொன்னாள். அவள் ஆறுதல் அப்படித்தான் இருக்கும், போனில் கேட்டதில் பாதியைத் தப்பாகவும் சொல்லுவாள். நல்லவேளையாகக் கூடவே அவள் மகன் டென்சிலும் வந்தான், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறானே, அவனுக்கு உன் விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. அங்கிள், எங்க வார்டுல பன்னெண்டு பேஷன்ட். பன்னெண்டு பேர் ரத்தத்தையும் ஒரே பக்கெட்ல ஊத்திக் கலக்கிட்டு, ஆவரேஜா இன்னா குரூப்புன்னு டாக்டர் கேட்டா நான் இன்னா அங்கிள் சொல்றது என்றான். உன் அப்பா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். பேஷன்ட்டுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா, நான் லோடுன்னு நெனச்சிட்டேன் என்றார். நாலு நாளில் அதுதான் முதல் பேச்சு.

அதோடு விட்டாரா. டென்சிலை உட்கார வைத்து, பதினொன்று என்றால் என்ன, ஏன் பதினொன்று என்று துருவினார். நீ போனில் சொன்னதைக் கீழே அவனும் கேட்டிருக்கிறான், விளக்கினான், மரபணுவில் நீங்கள் பார்க்கும் ஓர் இடத்தில் ஒரு பறவைக்கு அதிகம் போனால் இரண்டு கோடுதான் வரும், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று, இந்தப் பொட்டலத்தில் ஓர் இடத்தில் பதினோரு கோடு வந்திருக்கிறது, அதனால்தான் யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை என்றான். டென்சில் போன பிறகு உன் அப்பா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் ஏதோ எழுதினார். ஆளுக்கு இரண்டு கோடு, மொத்தம் பதினொன்று, வகுத்தால் ஐந்தரை, அரைக் கழுகு பறக்காது, ஆகவே குறைந்தது ஆறு. மேரி, கோவிந்தப்பா நோட்டுல கழுகு அஞ்சுன்னு எழுதியிருக்கான், வனத்துறை வருஷக் கணக்கும் அஞ்சுதான், பொட்டலம் ஆறுன்னுது என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்தார்.

நீ படித்தவள், இந்த வகுத்தல் உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். பதினொன்றை நீ புகாராகச் சொன்னாய், அவர் அதை ரிசல்ட்டாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான் உங்கள் இருவருக்கும் வித்தியாசம், மற்றபடி மூக்கும் பிடிவாதமும் ஒன்று, அதற்கு லேப் தேவையில்லை.

நேற்று நானும் போனேன். முழங்காலைக் காரணம் காட்டி இருக்கச் சொன்னார், இந்தப் பறவைகளுக்காக ஜெபமாலை சொல்கிறேன், ஒருமுறை முகம் பார்க்க வேண்டாமா என்றேன். அவர் இப்போது எப்படி வேலை செய்கிறார் என்று நீ பார்த்திருக்க வேண்டும். காக்கிக் காகிதத்தில் அவரே ஒட்டிய அறுபது உறை, என் புருவம் திருத்தும் இடுக்கி, டென்சில் கொடுத்த ஸ்பிரிட், ஒவ்வொரு இறகுக்கும் இடுக்கியைத் துடைத்து, ஒரு இறகு ஒரு உறை. பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு இறகைக் காட்டி, பாருங்க, இது ஒரே பறவையோடதுதான் என்றேன், அதை லேப்ல அவங்களே சொல்லட்டும் என்று இரண்டு உறையில் போட்டார். பாறைக்குக் கீழே புல்லில் என் கண்ணுக்கு நல்ல நீள இறகு ஒன்று பட்டது, ஆசையாகக் கையில் எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தார், நோட்டைத் திறந்து, எண் 17, மனைவி கைபட்டது, தள்ளுபடி என்று எழுதினார். முப்பத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் எழுத்தில் கொடுத்த வாக்கியம் இது ஒன்றுதான். கோவிந்தப்பா சிரித்த சிரிப்பில் பாறையிலிருந்து மூன்று கழுகு எழுந்தன. கிட்டே பார்த்தால் அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன், கழுத்து மாசிமாத வெயிலில் மொட்டையடித்தவர் மாதிரி இருக்கிறது. ஆனால் இறக்கையை விரித்தபிறகு அசைக்கவே இல்லை கிரேஸ், அப்படியே சாய்ந்து சாய்ந்து மேலே போயின. நாலு மணி வரை உட்கார்ந்து எண்ணினோம், ஐந்துதான். நான் பார்த்தேன், கோவிந்தப்பா பார்த்தார், ஐந்து. உன் அப்பா மட்டும், ஆறாவது ஷிப்டுக்குப் போயிருக்கு என்றார்.

இருபத்தொன்பது உறை சேர்ந்திருக்கிறது. பீரோவில் என் கல்யாணச் சேலைக்கும் எங்கள் திருமணச் சான்றிதழுக்கும் நடுவில், உலர்ந்த இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். இன்றைக்கே தபாலில் போட்டுவிடலாமே என்றேன். அவங்க கேக்கலையே, இண்டென்ட் இல்லாம மெட்டீரியல் நவுறாது மேரி என்கிறார். ஆபீசில் யாருக்கு என்ன சாம்பிள் வேண்டும் என்று எழுதிக் கேட்டுச் சீட்டு வந்தால்தான் இவர் பொட்டலம் கட்டுவார், சீட்டு இல்லாமல் வந்து நின்ற சூப்பரின்டெண்டையே திருப்பி அனுப்பியவர். உன்னிடமிருந்து கடைசியாக வந்த சீட்டு, சிரமப்பட வேண்டாம் என்பது. அது நிலுவையில் இருக்கும்வரை அவர் அனுப்ப மாட்டார், கெஞ்சவும் மாட்டார், பீரோ சாவியையும் என்னிடம் தர மாட்டார்.

உன் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு சீசன் போனால் உனக்கு ஒரு வருஷம், அப்பா என்பதற்காக ஆராய்ச்சியில் சலுகை காட்ட முடியாது. சலுகை கேட்கவில்லை. அக்டோபரில் வரும் அந்த ஸ்டூடன்ட் வரட்டும், மாடியில் இடம் இருக்கிறது, ராஜ்மா தவிர எல்லாம் சமைப்பேன். ஆனால் செப்டம்பர் மழை அவருக்காகக் காத்திருக்காது, இங்கே இப்போதே தினமும் நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வருகிறது. பாறையடியில் கிடப்பதெல்லாம் ஓடையில் போய்விடும், அவர் வந்து ஈரப் பாறையைத்தான் சாம்பிள் எடுக்க வேண்டும். மழைக்குள் இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் பெங்களூரில் ஒருவர்தான், இனி உயிர்போனாலும் கலக்க மாட்டார்.

மற்றபடி செய்தி அதிகமில்லை. வருகிற ஞாயிறு சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடியேற்றம், உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பிரேசர் டவுனிலிருந்து உன்னைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது, பொண்ணு இன்னா பண்றா என்றார்கள், பிணந்தின்னிக் கழுகுகளில் யார் யாரைக் கட்டலாம் என்று பார்க்கிறாள் என்றேன், காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மீதியை டோரீன் குடித்தாள். ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து இப்போதே எடுத்து வெயிலில் போடு, தலைக்குக் குளித்தால் துவட்டிவிட்டு லேபுக்குப் போ, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளாதே. வானத்துப் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டவர் உன்னையும் பார்த்துக்கொள்வார், உனக்கு அவர் உதவியும் அவருக்கு உன் உதவியும் இருக்கட்டும்.

நினைவாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். திரு. டி. தாஸ் அவர்களுக்கு என்று ஆரம்பித்து, எத்தனை திட்டு, திட்டுக்கு எத்தனை இறகு, எந்தத் தேதிக்குள் என்று டைப் அடித்து ஓர் இண்டென்ட் அனுப்பு, சீல் கிடைத்தால் இன்னும் நல்லது. கீழே உங்கள் அன்பு மகள் என்று போட்டுவிடாதே, பெயரும் பதவியும் போதும். அன்பு மகள் என்று இருந்தால் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடப்பார், இறகு பீரோவிலேயே இருக்கும். அதை வேறொரு கடிதத்தில் எழுது, இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கலந்துவிடாதே.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி